கோச் மாறும் பருவம்: விருத்தாசலத்துச் சூளையோர ஊகங்கள் குறித்து ஓர் ஆய்வு

சங்கப் பாடல்களில் பந்தாடும் மகளிர் உண்டு. அவர்களுக்குப் பயிற்சியாளர் இருந்ததாகக் குறிப்பு இல்லை. ஆகவே அவரைப் பாதியில் நீக்கியதாகவும் குறிப்பு இல்லை. உரையாசிரியர்கள் தப்பித்தார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. ஓர் அணி தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் போதும், அந்த அணியோடு காலணா கொடுக்கல் வாங்கல் இல்லாதவர்கள் கூடி, அடுத்த கோச் யார் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த அரிய செயலைத் தமிழில் முறையாக ஆராய்ந்தவர் எவரும் இல்லை. ஆராயத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம். அதே காரணத்தால்தான் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வுக் களமும் அதன் தகுதியும்

களமாக விருத்தாசலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி ஆடும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு வர ஒரு நாள் சம்பளம் போகும். அணி வென்றால் இந்த ஊருக்கு ஒரு ரூபாய் வரப்போவதில்லை, தோற்றால் ஒரு ரூபாய் போகப்போவதுமில்லை. ஆய்வு நெறியின்படி இவர்களைவிடச் சார்பற்ற சான்றாளர்கள் கிடைப்பது அரிது. ஊரின் ஜங்ஷனிலிருந்து விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நாலா பக்கமும் ரயில் போகிறது. கோச் நியமனம் பற்றிய உள்தகவல் மட்டும் எந்த ரயிலிலும் வந்து இறங்குவதில்லை. ஊகம் கலப்படமின்றி வளர இதைவிட நல்ல சூழல் வேறென்ன வேண்டும்?

ஒரு தலைமையைத் தேர்ந்தெடுத்த அனுபவமும் ஊருக்கு உண்டு. 2006 சட்டமன்றத் தேர்தலில் விஜயகாந்தை இங்கிருந்துதான் அனுப்பினார்கள். கேப்டனையே தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கோச்சைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதா என்ற வாதம் களத்தில் ஒருமுறை வைக்கப்பட்டது. ஆய்வாளரிடம் பதில் இல்லை.

ஆனால் இந்த ஊர் தேர்வானதற்கு உண்மையான காரணம் பீங்கான். செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் படிப்பதற்கென்றே ஒரு தொழில்நுட்ப நிறுவனமும் உள்ள ஊர் இது. உங்கள் வீட்டுக் கார்த்திகை அகல், கொலுப்படியில் மூன்றாவது வரிசை, பழைய மீட்டர் பலகையில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் ஃபியூஸ் கேரியர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இந்த ஊர்ச் சூளையைப் பார்த்திருக்கக்கூடும். பீங்கான் வேலையில் உழைப்புக்குச் சமமாகக் காத்திருப்பு உண்டு. பொம்மை வார்க்கும் இடத்தில் நின்று பாருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டின் இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டி, கூழாகக் கரைத்த களிமண்ணை வாய்வரை ஊற்றுகிறார்கள். மோல்டு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரை ஒட்டி மண் தடிக்கிறது. மட்டம் இறங்கினால் இன்னொரு கை ஊற்றுகிறார்கள். வேண்டிய கனம் வந்ததும் கவிழ்த்து மீதிக் கூழை வடித்துவிட்டு, மறுபடி காத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு மோல்டைப் பிரித்தால் பிள்ளையாரின் தும்பிக்கை மோல்டோடு போய்விடும். இந்த இடைவேளையில் கைக்கு வேலை இல்லை, வாய்க்கு உண்டு. ஒரு பிள்ளையார் தடிக்கும் நேரத்தில் ஒரு பயிற்சியாளரை நீக்கிவிட முடிகிறது என்பது நேரில் கண்டது. தசாவதார செட் என்றால் நிர்வாகக் குழுவையே கலைத்துப் புதிதாக அமைத்துவிடுகிறார்கள்.

"என்னண்ணே, கோச்சத் தூக்கிட்டாங்களாமே?"

"தூக்கலடா. பேசி வச்சுப் பிரிஞ்சிட்டாங்கன்னு போடுவாங்க பாரு."

"அப்ப அடுத்து யாருண்ணே?"

இங்கேதான் ஆய்வு தொடங்குகிறது.

ஊகிப்போர் மரபுகள்

சென்னையின் அணி 2014இல் பிறந்தது. அபிஷேக் பச்சன், விடா தானி, தோனி ஆகியோர் உரிமையாளர்கள். முதல் கோச் மார்கோ மாடெராட்ஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேன் தலையால் முட்டித் தள்ளியது இவரைத்தான். ஜிடேனிடம் முட்டு வாங்கியவர் சென்னைக்கு வருகிறார் என்ற செய்தியே முதல் மரபைத் தோற்றுவித்தது. இவர்களைப் பெயர்வாதிகள் என்போம். பெரிய பெயர் வந்தால் கோப்பை தானாக வரும் என்பது இவர்கள் கொள்கை. 2015இல் அது பலித்தும் விட்டது. சென்னையே வெள்ளத்தில் கிடந்த அந்த டிசம்பரில், சொந்த மைதானத்து அரையிறுதியைப் புனேயில் ஆடி, 20ஆம் தேதி கோவாவின் ஃபதோர்தாவில் கோவா அணியை 3-2 என்று கடைசி நிமிடங்களில் வீழ்த்திக் கோப்பையை வாங்கினார்கள். பெயர்வாதிகள் அன்று நடந்த நடை இன்றும் பேசப்படுகிறது.

அடுத்த ஆண்டு அதே மாடெராட்ஸி, அதே சென்னை: எட்டு அணிகளில் ஏழாம் இடம்.

பிறகு வந்த ஜான் கிரகரி இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூருக்காரர்கள் முன்னாலேயே, அவர்களை 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பையைத் தந்தார். அடுத்த பருவம்? பத்து அணிகளில் பத்தாமிடம். இரண்டு முறை கோப்பை, இரண்டு முறையும் மறு ஆண்டே பள்ளம். இதிலிருந்து ஒரு விதி வகுக்க ஆய்வாளர் முனைந்தபோது, களத்தில் இருந்த ஒரு பெரியவர், "ரெண்டு தடவ நடந்தா விதி இல்ல தம்பி, வினை" என்று திருத்தினார். திருத்தம் ஏற்கப்பட்டது.

பெயர்வாதத்தை அசைக்கும் சான்று கோயம்புத்தூரில் இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி. என்ற பெயரோடு அங்கே ஆடிய அணி, 2018-19 ஐ-லீக்கை வென்றது. கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். அவர் வருமுன் எந்த டீக்கடையிலும் அந்தப் பெயர் அடிபட்டதில்லை. வென்ற பிறகும் பெரிதாக அடிபடவில்லை. ஊகத்துக்குள் அடங்காத வெற்றியை ஊகிகள் வெற்றியாகவே எண்ணுவதில்லை. தாம் சொல்லாத ஒருவர் ஜெயித்துவிட்டால் பேச்சு சட்டென்று வானிலைக்குப் போய்விடுகிறது.

இரண்டாம் மரபினர் மண்வாதிகள். களிமண்ணைத் தொட்டு வேலை செய்யும் ஊரில் இவர்களுக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணே பீங்கானுக்கு ஆகும்போது, வெளிநாட்டு மண்ணை எதற்கு இறக்குமதி செய்வது என்பது இவர்களுடைய நிலைப்பாடு. 2022 பிப்ரவரியில் போஷிடார் பாண்டோவிச்சை அனுப்பிவிட்டுச் சென்னைக்காரர் சையது சபீர் பாஷாவை இடைக்காலக் கோச்சாக உட்கார வைத்தபோது மண்வாதிகள் டீக்குக் காசு கொடுத்தார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து தாமஸ் பிர்தாரிச் வந்தார். 2025இல் கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா தலைமைக் கோச் ஆனதும் மறுபடி தலை நிமிர்ந்தார்கள். 2023இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர். கோவா மண் நம் மண்ணா என்று பெயர்வாதி ஒருவர் கேட்டார். எல்லாம் மண்ணுதான் என்று பதில் வந்தது. அதில் எத்தனை பொருள் என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் மரபு இந்த ஊருக்கே உரியது: போன கோச்சையே திரும்ப அழைக்கச் சொல்லும் பழையவரே வாதிகள். சுந்தரர், திருமுதுகுன்றம் என்னும் இதே விருத்தாசலத்தில் பன்னீராயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்ற பழமொழியின் ஆறு, இதோ, நடந்து போகும் தூரத்தில் ஓடுகிறது. தண்ணீர் இருக்கும் மாதங்களில். சென்னையின் அணி இந்தக் கதையை ஊன்றிப் படித்திருக்க வேண்டும். 2019 டிசம்பரில் ஓவன் கோய்லை எடுத்தார்கள். பர்ன்லியைப் பிரிமியர் லீக்குக்கு ஏற்றிய ஆள். பட்டியலின் அடியில் தவித்த அணியை அதே பருவத்தில் இறுதிப் போட்டிவரை இழுத்து வந்தார். 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் பார்வையாளரே இல்லாத அரங்கம், கொல்கத்தாவிடம் 3-1 தோல்வி. பிறகு அவர் ஜாம்ஷெட்பூர் போனார். 2021-22இல் அந்த அணிக்கு லீக் கேடயம் வாங்கிக் கொடுத்தார். இங்கே ஆற்றில் போட்ட பொன் அங்கே குளத்தில் மின்னியது. சரி, குளத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்று 2023இல் திரும்ப அழைத்து வந்தார்கள். முதல் பருவம் ஆறாமிடம், இரண்டாம் பருவம் பதின்மூன்று அணிகளில் பதினோராமிடம்.

சுந்தரர் கதையில் ஒரு நுணுக்கம் உண்டு. குளத்தில் எடுத்த பொன்னின் மாற்று முதலில் குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் சரியாயிற்று. பழையவரே வாதிகள் இந்தப் பகுதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

நான்காம் மரபு கிரகவாதம். இது டீக்கடைச் சரக்கு, ஆய்வுக்குத் தகாது என்றுதான் முதலில் ஒதுக்கி வைத்திருந்தோம். 2023 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தி வெளியிட்டது: தேசிய அணியின் அப்போதைய கோச் இகோர் ஸ்டிமாச், 2022 ஜூனில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்களின்போது, வீரர் பட்டியலை ஒரு சோதிடருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார் என்று. அதே 2022இல், வீரர்களுக்கு ஊக்கம் தர என்று கால்பந்துச் சம்மேளனம் 16 லட்சம் ரூபாய் கொடுத்து அமர்த்திய நிறுவனமும் ஒரு சோதிட நிறுவனம் என்று ஏற்கெனவே செய்தி வந்திருந்தது. ஒதுக்கி வைத்த மரபை உடனே முதல் வரிசைக்குக் கொண்டுவந்தோம். வீட்டுத் திண்ணையில் இலவசமாகக் கிடைப்பதை டெல்லியில் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதில் களத்தினருக்கு வருத்தம் இருந்தது. தென்னாற்காட்டு வள்ளுவர்களிடம் கேட்டிருந்தால் பாதி விலைக்கு முடித்திருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு.

ஜெனரல் மேனேஜர் என்னும் நுண்பொருள்

கோச் யார் என்று மட்டும் பேசுவது இளங்கலை. கோச்சை நியமிக்கப் போகிறவர் யார், அவரை நியமித்தவர் யார் என்று பேசுவதே முனைவர் பட்டம். அமெரிக்கக் கால்பந்தில் இந்தப் பதவிக்கு ஜெனரல் மேனேஜர் என்று பெயர். ஆளை வாங்குவது, விற்பது, கோச்சை வைப்பது, கடைசியில் தானே வேலையை விட்டுப் போவது எல்லாம் அவர் பொறுப்பு. ஐரோப்பாவில் ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்று ஒருவர் அதைச் செய்கிறார்.

இந்தியாவில் அந்த நாற்காலி எங்கே இருக்கிறது என்பதே தனி ஆய்வு. தேசிய அணியை எடுத்துக்கொண்டால், 2025 நிலவரப்படி ஐ.எம். விஜயன் தலைமையில் தொழில்நுட்பக் குழு. சபீர் பாஷா தொழில்நுட்ப இயக்குநர். முன்னாள் கோல்கீப்பர் சுப்ரதா பால் தேசிய அணி இயக்குநர். அதற்கு மேல் நிர்வாகக் குழு. அதற்கும் மேல் தலைவர் கல்யாண் சௌபே, அவரும் முன்னாள் கோல்கீப்பர். பந்தைத் தடுப்பதில் தேர்ந்தவர்கள் மேலே இத்தனை பேர் இருக்கும்போது கோல் விழாமல் போவதில் வியப்பில்லை என்று களத்தில் ஒரு கருத்து எழுந்தது. அதை இங்கே பதிவு மட்டும் செய்கிறோம்.

சென்னையின் அணியைப் பொறுத்தவரை ஊகிகள் இத்தனை சிரமப்படுவதில்லை. "தோனி சொல்லிட்டா முடிஞ்சுது." அவ்வளவுதான். தோனி சொன்னாரா, கேட்டார்களா, அவர் அன்று எங்கே இருந்தார் என்பதெல்லாம் கேட்கக் கூடாத கேள்விகள். தமிழ்நாட்டில் காரணம் தெரியாத எந்த விளையாட்டு முடிவுக்கும் தோனியைக் காரணமாகக் கொள்ளலாம் என்பதைப் புறனடை விதியாக வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

ஒரு வழக்காராய்ச்சி: 170 விண்ணப்பங்கள்

இந்த ஆய்வுக்கு அடிப்படையான நிகழ்ச்சி 2025 ஜூலையில் நடந்தது. அதன் முன்கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுவோம். 2024 ஜூனில் ஸ்டிமாச்சை நீக்கினார்கள். ஒப்பந்தம் மீதி இருந்ததால் நான்கு லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடிக்க வேண்டி வந்தது. அடுத்து மனோலோ மார்கெஸ். ஒரே சமயத்தில் கோவா அணிக்கும் இந்திய அணிக்கும் அவரே கோச். ஒரு மாஸ்டர் இரண்டு சூளையை ஒன்றாக எரிய விட்டால் எதில் கண் வைப்பார் என்று இங்கே அப்போதே கேட்டார்கள். இந்தியாவுக்காக எட்டு ஆட்டம், மாலத்தீவுக்கு எதிராக ஒரே ஒரு வெற்றி. 2025 ஜூனில் ஹாங்காங்கிடம் தோற்றதும் அவரும் கிளம்பினார்.

காலியிடம் விளம்பரம் ஆயிற்று. 170 பேர் விண்ணப்பித்தார்கள். ஜூலை கடைசி வாரத்தில் ஒரு செய்தி நாட்டையே உலுக்கியது: விண்ணப்பித்தவர்களில் ஸ்பெயினின் ஸாவி ஹெர்னாண்டஸும் ஒருவர். பார்சிலோனாவை லீக் சாம்பியன் ஆக்கியவர். உலகக் கோப்பை வென்றவர். அவருக்குக் கொடுக்கும் அளவுக்குப் பணம் இல்லை என்பதால் பெயர் மேலே போகவில்லை என்றும் எழுதினார்கள். விருத்தாசலத்தில் அன்று மூன்று மோல்டு கூழ் அளவுக்கு மேல் தடித்துப் போனது. யாரும் கவிழ்க்க எழவில்லை. பெயர்வாதிகளின் பொற்காலம் அந்த இரண்டு நாள். ஊர் ஊராகச் சந்தா போட்டாவது கூட்டி வந்துவிடலாம், ஆளுக்குப் பத்து ரூபாய் என்றால்கூட எவ்வளவு வரும் என்று ஒருவர் சாக்பீஸ் எடுத்துக் கணக்குப் போட்டார்.

ஜூலை 26 அன்று சம்மேளனம் விளக்கம் கொடுத்தது. ஸாவி பெயரிலும் பெப் கார்டியோலா பெயரிலும் மின்னஞ்சலில் விண்ணப்பம் வந்தது உண்மை. ஆனால் அவை உண்மையானவை அல்ல. யாரோ விளையாடியிருக்கிறார்கள். வேலூரில் படிக்கும் 19 வயது மாணவனின் வேலை என்று பிறகு பத்திரிகைகளில் வந்தது. ஆக, விண்ணப்பிக்காத ஒருவரைச் சம்பளம் கட்டுபடியாகாது என்று நிராகரித்த பெருமை நமக்கு உண்டு. இதற்கு நிகரான நிராகரிப்பு உலகக் கால்பந்தில் வேறு இருக்குமா என்று தேட வேண்டும்.

இங்கே ஒப்பியல் நோக்கில் ஒன்று சொல்லியாக வேண்டும். விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே முறையிட வருகிறவர்கள் வாயால் வேண்டிக்கொண்டு போவதில்லை. பிராது எழுத வேண்டும். பெயர், ஊர், குறை என்ன என்று தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து எடுத்து, முனியப்பர் முன்னுள்ள வேலில் கட்டுகிறார்கள். எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று தூரத்தைக் கணக்கிட்டு ஒரு சிறு தொகையும் கட்டச் சொல்கிறார்கள். மூன்று நாள், மூன்று வாரம், அல்லது மூன்று மாதத்தில் முடிவு கிடைக்கும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் திரும்பி வந்து பிராதை ராஜினாமா செய்துவிட்டுப் போக வேண்டும். அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இரண்டு நடைமுறைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கொளஞ்சியப்பரிடம் விண்ணப்பதாரர் நேரில் வருகிறார், அடையாளம் உறுதி. பார்சிலோனாவிலிருந்து வந்திருந்தால் தூரக் கட்டணத்திலேயே பொய்யா மெய்யா என்று தெரிந்திருக்கும். முடிவுக்குக் கெடு உண்டு. ராஜினாமாவுக்கு நான்கு லட்சம் டாலர் கேட்பதில்லை. சம்மேளனத்தின் முறையைவிடக் கோயில் முறை எல்லா அம்சத்திலும் முந்தியது என்று நிறுவ இதற்கு மேல் சான்று தேவையில்லை.

கடைசியில் 2025 ஆகஸ்ட் முதல் தேதி காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். இறுதிப் பட்டியலில் அவரோடு ஸ்டீபன் கான்ஸ்டன்டைனும் ஸ்டெஃபான் டர்கோவிச்சும் இருந்தார்கள். 13 ஆண்டுக்குப் பின் ஓர் இந்தியர். மண்வாதிகள் தெருவில் நின்றார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் ஓமனைப் பெனால்டியில் வீழ்த்தி மூன்றாமிடம் வந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்" என்றவர்களின் எண்ணிக்கை ஊரின் மக்கள்தொகையைத் தொட்டது. அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. மறுநாள் காலையிலும் அதே மக்கள், அதே குரலில், அதே வாக்கியம்: "நான் அப்பவே சொன்னேன்." ஊகம் பலித்த விகிதத்தைக் கணக்கிட ஆய்வாளர் ஒரு நோட்டு வைத்திருந்தார். இதற்குப் பிறகு அதை மூடிவிட்டார். எல்லோரும் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருக்கும் இடத்தில் விகிதம் எப்போதும் நூற்றுக்கு நூறு.

சூளைக் கோட்பாடு

களத்தில் கிடைத்தவற்றில் கோட்பாடு என்று சொல்லத்தக்கது ஒன்றே. சூளை பார்த்துக்கொள்ளும் ஒரு மாஸ்டர் சொன்னது: "பச்சைல எல்லாப் பொம்மையும் நல்லாத்தாங்க இருக்கும்." சுடாத பொம்மையைப் பச்சை என்பார்கள். உலர்ந்து வரிசையாக அடுக்கியிருக்கும்போது எல்லா லட்சுமியும் ஒரே லட்சுமி. உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருக்கிறதா, ஓரிடத்தில் சுவர் மெலிந்திருக்கிறதா, ஈரம் முழுக்கப் போயிற்றா என்று கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு ஏறும்போதுதான் ஒன்று வெடிக்கும், ஒன்று கோணும், ஒன்று கிண்ணென்று மணி போல வரும். பயோடேட்டாவும் பச்சைதான். பர்ன்லி, வில்லா என்று எழுதியிருப்பதெல்லாம் வேறு ஊர்ச் சூளையில் வெந்த கதை. இங்கத்திய சூட்டுக்கு அது சாட்சி ஆகாது.

இதோடு நிறுத்தியிருந்தால் கோட்பாடு அழகாக முடிந்திருக்கும். மாஸ்டர் நிறுத்தவில்லை. சூளை ஆறுவதற்குள் கதவைத் திறந்தால், குளிர்காற்று பட்டு நன்றாக வெந்ததும் விரிசல் விடும் என்றார். இதைக் கேட்டதும் பொறுமைக் கட்சியினர் குதித்தார்கள். மான்செஸ்டர் யுனைடெட் 1986இல் அலெக்ஸ் ஃபெர்குசனை எடுத்தது. முதல் கோப்பைக்கு 1990 வரை ஆயிற்று. நடுவில் போ போ என்று பதாகை பிடித்தார்கள். பிறகு அவர் 2013 வரை இருந்து 13 லீக் பட்டம் வாங்கினார். நம் நாட்டிலேயே, ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம் 1950 முதல் 1963இல் இறக்கும்வரை இந்திய அணியை நடத்தினார்; 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 ஒலிம்பிக்கில் நான்காமிடம். கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்ல இதைவிடச் சான்று எதற்கு?

அதற்குள் மாஸ்டர் பீடி பற்ற வைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிட்டார்: "ஆனா வெடிச்சத எத்தன நாள் உள்ள வச்சாலும் ஒட்டாதுங்க." உடனே எதிர்க்கட்சி எழுந்தது. ஃபெர்குசனுக்கு அடுத்து வந்த டேவிட் மோய்ஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம். பத்து மாதத்தில் அனுப்பினார்கள். வெடித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே கோட்பாட்டின் இறுதி வடிவம் இது: மூடிய கதவுக்குள் இருப்பது வேகிறதா வெடித்ததா என்று திறக்காமல் தெரியாது; திறந்தால், வெந்து கொண்டிருப்பதும் வெடித்துவிடலாம். இதை வைத்துக்கொண்டு கோச்சை நீக்குவதா கூடாதா என்று முடிவு செய்ய முடியாது. முடிவு செய்த பிறகு, எந்த முடிவாக இருந்தாலும், அதற்கு ஆதரவாக மாஸ்டரை மேற்கோள் காட்டலாம். அணி உரிமையாளர்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசும்போது செய்வதும் இதைத்தான்.

மறுப்பும் பரிந்துரையும்

இந்த ஊகங்களால் அணிக்கு என்ன பயன் என்று கேட்பார் உளர். பயன் இல்லை. 2025 ஜூலையில், சென்னையின் அணி ஆடும் ஐ.எஸ்.எல். போட்டியே நடக்குமா என்ற நிலையில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆடப் போட்டி இல்லை, அணிகளுக்கு நாளை என்ன என்று தெரியவில்லை. அப்போதும் சூளையோரத்தில் அடுத்த கோச் பற்றிய பேச்சு ஒரு நாளும் நிற்கவில்லை. அணி இருந்தால்தான் ஊகம் இருக்கும் என்று நினைத்திருந்தோம். அப்படியில்லை என்று தெரிந்தது இந்த ஆய்வின் ஒரே புதிய கண்டுபிடிப்பு.

ஊகிகளுக்குத் தகவல் இல்லை, பொறுப்பில் இருப்பவர்களுக்கு உண்டு என்பது வாதமானால், ஸாவி விவகாரத்தில் இரு சாராரும் ஒரே நேரத்தில், ஒரே விஷயத்தை, ஒரே அளவில் நம்பினார்கள் என்பதை நினைவூட்டுகிறோம். வித்தியாசம் ஒன்றுதான்: சூளைக்காரர்கள் அவருக்குப் பத்து ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

எனவே சம்மேளனத்துக்கும், எங்கெல்லாம் கோச் தேடுகிறார்களோ அந்த அணி நிர்வாகங்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெரிய பெயரில் விண்ணப்பம் வந்தால், குழு கூட்டி விவாதிப்பதற்கு முன்பு, அந்த மனிதருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கால் செலவு அதிகம் என்றால் விருத்தாசலத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். சந்தா வசூலிக்க ஆள் தயார்.